கிளிமென்னின் கொடியில் ஒரு ஓட்டை

தேசக்கொடிகளின் பிடியிலிருந்து முழுதாக விடுபட்ட முதல் மனிதன் தான்தான் என்று கவீனோ உறுதியாக நம்பினான். ஐரோப்பாவில் முதல் ஆள் என்று சுருக்கிக்கொள்ளக்கூட அவன் மனம் ஒப்பவில்லை.

சார்டீனியத் தீவிலிருந்து காட்டலோனியாவின் ஜிரோனா நகருக்குத் தத்துவம் படிக்க வந்தவன். கிளிமென், ரெமெய் தம்பதியின் மூன்றாம் மாடி வீட்டில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தான். பால்கனியில் கிளிமென்னின் கொடி, முக்கோணமும் நட்சத்திரமும் மேலே இருக்க, சிவப்பு மஞ்சள் கோடுகள் தெருவை நோக்கித் தொங்கும். தனிநாடு கேட்டு வாக்கெடுப்பு நடந்த வருஷம் கட்டியது. காட்டலோனியா தனி நாடாகும்வரை இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாடு வரவில்லை, வெயில் வந்தது. சிவப்பு பல் ஈறு நிறத்துக்கு வந்திருந்தது. சான் ஜோன் திருவிழா இரவில் விட்ட ராக்கெட் வாணம் ஒன்று கீழ் மூலையில் ஓட்டை போட்டிருந்தது.

கவீனோ தினமும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரிப்பான். "காயப்போட்டு எடுக்க மறந்த துணி."

இப்போது கிளிமென்னுக்கு நுரையீரல் போய்விட்டது. மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள் ரெமெய். படுத்தபடி கொடியைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

"டேய் தீவுக்காரா, உங்க ஊருக்குக் கொடி இல்லையா?"

"இருக்கு பெரியவரே. நாலு தலை. முன்னாடி கண்ணைக் கட்டியிருந்தாங்க, அப்புறம் அந்தக் கட்டுத்துணியை நெத்திக்கு ஏத்திட்டாங்க. எங்க முன்னேற்றம் அவ்வளவுதான்."

"அதைக் குடுத்ததே அந்தக் காலத்துல உங்க தீவை ஆண்ட எங்க ராஜாதான்டா."

"அப்ப திருப்பி எடுத்துக்கங்க."

கிளிமென் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரமானது.

அன்று அவர் மருந்து மயக்கத்தில் கிடக்கும்போது வடக்குக் காற்று அடித்தது. தெருவில் பூந்தொட்டிகள் உடைந்தன. காற்று ஓய்ந்தபோது பால்கனிக் கம்பியில் கொடியைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டைகளும் நாலு நூலும்தான் இருந்தன.

ரெமெய் ஷட்டரை இறக்கினாள். "முழிச்சதும் கேப்பாரு. இதைப் பாத்துட்டுப் போகவேணாம், ராசா."

சீனக்காரர் கடையில் புதுக் கொடி கிடைத்தது. மிட்டாய்த்தாள் போல மின்னியது. இதைக் கட்டினால் கிளிமென் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே, கொடிகளிலிருந்து விடுபட்ட முதல் மனிதன் மதியம் முழுக்கக் குளியல் தொட்டியின் முன் முழங்காலிட்டு ஒரு கொடியை வெளுத்தான். ப்ளீச்சில் ஊறவைத்தான். உப்புத்தாளால் தேய்த்தான். மஞ்சளுக்கு மட்டும் கொஞ்சம் காபி. அந்தச் சிவப்பு எவ்வளவு செத்துப்போயிருந்தது என்பது விரல்நுனிக்குத் தெரிந்திருந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. கடைசியாகக் கூடத்தில் நின்று, நினைவிலிருந்தபடி கீழ் வலது மூலையைச் சிகரெட்டால் சுட்டான். காற்றுக்குத் தாங்க ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு பட்டை போட்டான்.

கிளிமென் விழித்தார். ரெமெய் ஷட்டரை ஏற்றினாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓட்டை இடது பக்கம்ல இருக்கணும்."

ரெமெய் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"நீ எப்பவும் தெருவுல இருந்துதானே பாத்தே" என்றார் கிளிமென். குரலில் கோபமில்லை. "வெளுப்பு நல்லா வந்திருக்குடா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் காலையில் ரெமெய் காபி கொண்டுவந்தபோது கண் திறந்திருந்தது, பால்கனிப் பக்கமாக.

அந்தக் கொடியையே சவப்பெட்டியின் மேல் விரித்தார்கள். ஓட்டை தவறான மூலையில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவீனோ மட்டும் வேறெதையும் கவனிக்கவில்லை.

சடங்கு முடிந்ததும் அவன் சீனக்காரர் கடைக்குப் போனான்.

"சார்டீனியாக் கொடி இருக்கா?"

"அது எந்த நாடு?"

"நாடில்லை" என்றான். அதைச் சொல்லவேண்டியிருந்தது அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

வெள்ளைப் படுக்கைவிரிப்பும் சிவப்பு, கறுப்பு மார்க்கர்களும் வாங்கினான். கூடத்துத் தரையில், காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்து, சிவப்பில் சிலுவை போட்டு நாலு தலையும் வரைந்தான். அதில் மூன்று தலை உருளைக்கிழங்கு மாதிரி வந்தன. கட்டுத்துணியை நெற்றியில் போட்டான்.

"பால்கனி வெறுமையா கிடக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள் ரெமெய், வாசலில் நின்று.

"கட்டாம விட்டுரவா?"

"வேணாம் ராசா. காத்து வரும், இறுக்கிக் கட்டு."

மூலைக்கு இரண்டு பட்டையாகக் கட்டினான். தெருவிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவன் கீழே இறங்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.