எழுந்து நின்ற அரசு

செருமானிய நாட்டின் அரசு, தன் முறுக்கிய மீசையும் இறுக்கிய கழுத்துப்பட்டியுமாக ஒருநாள் முற்பகலில் எழுந்து நிற்க, அதற்கு நேரெதிரே காரைநகர்ச் சந்திரகாந்தி என்பாள், இருவர் புகத்தக்க இரவல் கம்பளி மேலாடைக்குள் தலைமட்டும் தெரிய, அசையாது அமர்ந்திருந்தாள் என்று உரைப்பின், கற்றறிந்த பெருமக்களே, நீவிர் நகைப்பீர். நன்றாக நகைமின், நகைத்து ஓய்ந்தபின் செவி தருமின்.

நகரோ எசன். பொழுதோ, இலையுதிர்ந்த மரங்கள் எலும்புக்கைகளை உயர்த்திப் பனிக்காலத்திற்குச் சரணடைந்து நின்ற வைகறை. நிலக்கரியைத் தோண்டித் தோண்டி வயிறு வெறுமையுற்ற மண்ணின்மீது, ஓய்ந்த சுரங்கத்துத் தூக்குச்சக்கரங்கள் பசித்த கழுகுகள்போல் நின்றன. வானமோ, கழுவாத கஞ்சிப்பானையைக் கவிழ்த்தாற்போல் ஊர்மேல் கவிந்து கிடந்தது. ஞாயிறு என்பான் அந்நாட்டிற்கு ஆண்டுக்கொருமுறை விருந்தினனாக வந்து, வாயிலில் நின்றவாறே நலம் கேட்டுத் திரும்புபவன். ஆயினும், புகலிடம் தேடி வந்தோர் தங்கியிருந்த நான்கடுக்கு விடுதியின் பொது அடுக்களையில் மட்டும் அனல் குன்றவில்லை. ஓரடுப்பிற்கு ஒன்பது சட்டிகள் போரிட, வறுத்த மிளகாயின் நெடி பலகணி வழியே பாய்ந்து மூன்று தெருவுக்கு அப்பாலுள்ள காக்கைகளையும் தும்மவைத்தது.

அவ்வடுக்களையில்தான் அன்று ஞானசுந்தரத்தார் நெஞ்சு பதறி நின்றார். யாழ்ப்பாணத்து நீதிமன்றம் ஒன்றில் வழக்காளிகளைப் பெயர்கூவி அழைக்கும் பணியில் தலைநரைத்தவர் அவர். சட்டத்தின் முகத்தை அருகிருந்து கண்டவர். அம்முகம் நாளுக்குநாள் கொடிதாகி, இறந்தவன் ஏன் இறந்தான் என்று கேளாமலே புதைக்கலாம் என்றொரு விதி வந்த நாளில், இனி இங்கே கூவியழைக்க எவரும் எஞ்சார் எனத் துணிந்து கடல்கடந்தவர். அன்றுதொட்டுச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே, நாய் துரத்தியவன் குரைப்பொலிக்கு அஞ்சுவதுபோல் அஞ்சுவார். வண்டியில்லாத தெருவிலும் சிவப்பு விளக்கின்முன் கைகட்டி நிற்பார்.

அத்தகையவரின் செவியில்தான், சந்திரகாந்தி அரசின்மீதே வழக்காடப் புறப்படுகிறாள் என்னும் இடி விழுந்தது. தாலிக்கயிற்றின் மஞ்சள் மங்குமுன் அவள் கணவன் புவனேந்திரன் உயிர்தப்பி இந்நாடு புகுந்தான். ஈராண்டு கழித்து அவளும் வந்தாள். ஆனால், அகதிகளை அரிசிபோல் அளந்து ஊரூராகப் பகிர்ந்த அரசு, அவனைத் தென்கோடி மாநிலத்துச் சிற்றூரிலும் அவளை எசனிலும் கொட்டியது. ஒப்புதலின்றி எல்லை கடத்தல் இருவர்க்கும் குற்றம். அவனை இங்கு அனுப்புமாறு அவள் விடுத்த வேண்டுகோளை, மாநிலம் வேறு என்று மறுத்துவிட்டனர். மனம் பொறாத தேவாலயத் தொண்டர் சிலர் அவள் பொருட்டு வழக்குத் தொடுத்தனர். இது தோற்பின், கணவன் முகத்தை நிழற்படத்திலேயே கண்டு அவள் நரைகூட வேண்டியதுதான்.

“பிள்ளை, உமக்கு விசரே? அரசாங்கத்துக்கு மேல வழக்கோ? ஊரில கோட்டில நீதவான் ‘போ’ எண்டு விடுவார். வெளிவாசல்ல ஆமிக்காரன்ர ஜீப் நிக்கும். தெரியாதோ?” என்றார் ஞானசுந்தரத்தார்.

“வாசல்ல ஜீப் நிண்டா ஏறிப் போறன் அண்ணை. அந்த ஜீப்பாவது அவர் இருக்கிற பக்கம் போகுதோ பாப்பம்!” என்றாள் அவள், சட்டியைக் கிண்டியவாறே. அடுக்களை அதிரச் சிரித்தது.

தடுக்க இயலாதவர் துணையாகப் புறப்பட்டார், வழிநெடுக மன்ற ஒழுக்கமும் கற்பித்தார்: “கூண்டுக்குள்ள நில்லும். நிலத்தைப் பாரும். நீதவான் ஒண்டு சொன்னா, அவரே மாத்திச் சொல்லுமட்டும் இம்மியும் அசையாதையும்.”

மன்றம் புகுந்தவுடன் சந்திரகாந்தி கூண்டைத் தேடினாள். கூண்டு இல்லை. மேசையும் நாற்காலியுமே கண்டவள் திகைத்து, மூலையில் மேலாடைகள் தொங்கவிடும் இரும்புச்சட்டம் ஒன்றைக் கண்டு, அதுவே இந்நாட்டுக் கூண்டுபோலும் எனத் தேர்ந்து, ஈரக்குடைகளுக்கும் தொப்பிகளுக்கும் இடையே புகுந்து தலைகவிழ்ந்து நின்றாள். நரைத்த நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் நோக்கினார். மொழிபெயர்க்க வந்த கலாதேவி ஓடோடிச் சென்று, அவள் கூண்டு தேடிய செய்தியை அறிந்துவந்து கூற, நீதிபதியின் முகம் ஒருகணம் இருண்டது.

“அம்மையீர், நீர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர், அரசின்மீது குற்றம் சாட்டுபவர். வந்து அமர்க!” என்றார்.

அமர்ந்தாள். அரசின் சார்பில் வந்த அதிகாரி, முறுக்கிய மீசையும் கிணற்றடிப் பாறைபோன்ற பேருடலும் உடையவர், விதிமேல் விதியாக அடுக்கி மலையொன்று எழுப்பினார். அவள் வழக்குரைஞர் அம்மலையைக் கல்கல்லாகப் பெயர்த்தார். மன்றம் கலைந்து நீதிபதி தனியறை சென்றார். திரும்பி வந்தபோது, “மக்களின் பெயரால்!” என்று அவர் தீர்ப்புரைக்கத் தொடங்க, அந்நாட்டு வழக்கப்படி அனைவரும் எழுந்தனர். வழக்குரைஞர் எழுந்தார். எழுத்தர் எழுந்தார். பாறையனைய அதிகாரியும் நாற்காலி முனக எழுந்தார். ஞானசுந்தரத்தாரோ எல்லார்க்கும் முன்பே துள்ளி நின்றார். சந்திரகாந்தி மட்டும் அமர்ந்திருந்தாள்!

“அக்கா, எழும்புங்கோ!” என்று கலாதேவி நெளிந்தாள்.

“இருக்கச் சொன்ன நீதவான் இன்னும் எழும்பச் சொல்லேல்லையே!”

தாம் கற்பித்த பாடமே தம்முன் அமர்ந்திருக்கக் கண்டு ஞானசுந்தரத்தார் தலையில் கைவைத்தார். நீதிபதியோ அதைக் கேட்டறிந்து, புன்னகை அரும்ப, அவளை அவ்வாறே இருக்கவிட்டு உரைத்தார்: “யான் சிறுவனாயிருந்தபோது இந்நகரங்கள் எரிந்தன. எரியுமுன்னரோ, சட்டத்தைக் கையில் ஏந்தியே இங்கு மாந்தரைப் பிரித்தார்கள். முத்திரை குத்தியே கொன்றார்கள். ஆதலின், சாம்பலைத் தட்டிவிட்டுப் புதுச்சட்டம் வகுத்த நாளில், மனிதரின் மாண்பு தீண்டற்கரியது என்று முதல்வரி எழுதினோம். குடும்பத்திற்கும் அதில் காப்பு உண்டு. கணவனை அரசு இவ்வூருக்கு மாற்றுக!”

விடுதி அன்று திருவிழாவாயிற்று. ஒன்பது சட்டியிலும் பாயசம் பொங்கியது. அரசாங்கம் நிற்கத் தான் இருந்த பெருமையைச் சந்திரகாந்தி நூறுமுறை நடித்துக் காட்டினாள். ஞானசுந்தரத்தார் மட்டும் ஒப்பவில்லை. “அது நீதவானுக்கு எழும்பினது, உமக்கில்லை. தீர்ப்பு வேற, நடப்பு வேற. ஊரில விடச்சொல்லித் தீர்ப்பான எத்தினை பெடியளை வாசலிலயே திருப்பிப் பிடிச்சவங்கள்! புவனேந்திரன் வந்து இறங்கட்டும், பாப்பம்.”

புவனேந்திரன் வரும் நாளும் வந்தது. “வரமாட்டான் எண்டு பாக்கத்தான் வாறன்” என்று சொல்லிக்கொண்டே அவரும் தொடர்வண்டி நிலையம் சென்றார். வண்டி பெருமூச்செறிந்து நின்றது. கூட்டம் இறங்கியது, கரைந்தது. அவன் இல்லை. சந்திரகாந்தியின் முகம் சுண்ணாம்பாயிற்று. அந்நிலையில், கடைசிப் பெட்டியிலிருந்து துணிப்பையொன்று இறங்கிற்று. பையின் பின்னே புவனேந்திரன். அவன்பின்னே, ஐயகோ, காவலர் ஒருவர் விரைந்தார்!

“சொன்னன்தானே!” என்று ஞானசுந்தரத்தார் கண்ணை இறுக மூடினார், பின்பு, எது வரினும் வருக என்று ஒரு கண்ணைத் திறந்தார். புவனேந்திரன் நீட்டிய தீர்ப்புத் தாளைக் காவலர் வாங்கினார். படித்தார். மீண்டும் படித்தார். பின்பு அதனை அழகுற மடித்துத் திருப்பித்தந்து, தொப்பியின் விளிம்பை ஒருவிரலால் தொட்டு, வெளியேறும் வழியைக் காட்டிவிட்டுத் தன்வழி நடந்தார்.

கணவனும் மனைவியும் ஒருமுழத் தொலைவில், நாணமும் நடுக்கமுமாக, எவர் முதலில் அழுவது என்றறியாது நின்றனர். வாளேந்தியோர் ஆளும் நிலம் உலகில் பலவுண்டு. வாளேந்தியவனும் ஒரு தாளுக்குத் தலைவணங்கும் நிலமோ, எரிந்து அறிந்தபின்னரே மாந்தர்க்கு வாய்க்கிறது. அவ்வறிவு தன் மண்ணுக்கு எத்துணை எரிந்தபின் வருமோ என்று எண்ணிய அம்முதியவரின் மூடாத கண்ணும் மூடிய கண்ணும் ஒருங்கே நிறைந்தன.

“என்ன அண்ணை, இப்ப என்ன சொல்லுறியள்?” என்றாள் சந்திரகாந்தி, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே.

“ஓம் பிள்ளை, நடந்தது. அரசாங்கம் உமக்குத்தான் எழும்பி நிண்டது. நான் கண்டனான்.”