தூங்கியவன் பிடித்த இறால்

1

கோட்டைக்குப்பத்து ராஜவேலு, தன் வீட்டுப் பாயில் குறட்டை விட்டுக்கொண்டே பழவேற்காடு ஏரியில் இருநூறு கிலோ இறால் பிடித்தான். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

நம்பவில்லை அல்லவா? நல்லது. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். பென்ஷன் வந்த நாளிலிருந்து கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், உடம்புக்கு நன்றாயிருக்கிறது.

கதை என்னுடையதும் அல்ல. மீன் வாங்கப் போன இடத்தில், கெளுத்தியின் முள்ளை ஒடித்துக்கொண்டே ராஜவேலுவின் மனைவி சுதா சொன்னது. அவள் சொன்னபோது அரைப்பக்கம் இருந்தது.

2

தொடக்கங்கள்.

"அன்று அலைகள் பனைமர உயரம் எழுந்தன. ராஜவேலுவின் படகு..."

[தென்னை உயரமாகக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் எனக்கே சிரிப்பு வந்தது.]

"உடன்படிக்கை என்பது யாதெனில்..."

[இதை வீட்டில் வாசித்தேன். மனைவி துணி காய்ந்ததா பார்க்க மாடிக்குப் போனாள். மழை பெய்துகொண்டிருந்தது.]

சரி, நேராகவே சொல்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் முகத்துவாரத்தில் ராஜவேலுவின் என்ஜின் நின்றுவிட்டது. காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளுகிறது. அவன் எழுந்து நின்று கத்தினான்: "ஏசப்பா, கரை சேத்துடு! இனிமே குடிக்க மாட்டேன். குடிச்சா என் பாட்ட எடுத்துக்கோ!"

கரை சேர்ந்தான். ஞானஸ்நானம் எடுத்தான். நான்கு வருஷம் சொட்டுத் தொடவில்லை. போன மாதம் மச்சான் கல்யாணத்தில் குடித்துவிட்டான்.

(வெளியூர்க்காரர்களுக்கு: ஏரியில் இறால் வரும் இடங்கள் சில. எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் அடிதடிதான். அதனால் இன்றைக்கு இந்த இடம் இன்னார் குடும்பத்துக்கு என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. அப்பன் பேரில் வருவது, பிள்ளைக்குப் போவது. பாடு போனால் அந்தக் குடும்பத்துக்கு ஏரியில் இடமே இல்லை.)

அவன் செய்த தப்பைக் கவனியுங்கள். வேறு ஊர்க்காரனாயிருந்தால் மொட்டை போடுகிறேன், மெழுகுவத்தி கொளுத்துகிறேன் என்றிருப்பான். இவன் பிள்ளைகளுக்குப் போகவேண்டியதைக் கடவுளிடம் பிணை வைத்துவிட்டான்.

3

இந்த இடத்தில் ராஜவேலுமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு நேர்மையாக இருப்பானா? குடித்ததை மறைத்திருக்கலாமே? அவனை மாற்றி எழுதப் பார்த்தேன். மாற மாட்டேன் என்கிறான். ஊர்ப் பெரியவர்கள் முன் போய் நின்று, "பாட்டுலேர்ந்து எம்பேர எடுத்துடுங்க. நான் சொன்ன சொல்லு கெட்டுப்போச்சு" என்றான்.

அவர்கள், "வர்ற திங்கக்கெழம உன் முறை. அது முடிஞ்சி வந்து இதையே சொல்லு, எடுத்துடறோம்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஒன்பது நாள் தூக்கமில்லை. (சுதா நாலு நாள் என்றாள்.)

திங்கட்கிழமை விடிந்ததும் சுதா பாஸ்டர் வரதனைக் கூட்டி வந்தாள். நல்ல மனிதர். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அதுதான் குறை.

"உடன்படிக்கைல ரெண்டு மாதிரி கீது ராஜவேலு," என்றார். "சீனாய் மலைல குடுத்தது ஒண்ணு. நீ இப்படி நடந்தா நான் இப்படி செய்வேன்னு. ஆபிரகாமுக்குக் குடுத்தது வேற. அந்தக் காலத்துல மிருகத்த ரெண்டா வெட்டி எதிரெதிரா வெப்பாங்க. வாக்கு குடுக்கறவங்க நடுவுல நடப்பாங்க. மீறினா எனக்கும் இந்தக் கதின்னு அர்த்தம்."

"நானும் நடந்துட்டேனே ஐயா," என்றான் சுவரிடம்.

"கேளுய்யா! அங்க ஆபிரகாம் நடக்கவே இல்ல. நெருப்பு மட்டும் நடுவுல போச்சு. ஆண்டவர் மட்டும் நடந்தாரு."

சுதா குறுக்கே கேட்டாள்: "அப்ப ஆபிரகாம் இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

"அவரா? அசந்து தூங்கினாரு."

"அப்ப தெனமும் குடிச்சாலும் பரவால்லியா?"

பாஸ்டர் தலையைச் சொறிந்தார். "அப்படி இல்லம்மா. குடிக்கச் சொல்லல. நீ விட்டாலும் நான் விடமாட்டேன்னு சொல்றாரு. அப்படிச் சொன்னவர விட்டுட்டு எங்க போவ முடியும்? எழுந்து அவர் பின்னாலதானே போவணும்?"

(என் பங்குக்கு ஒன்று. முகத்துவாரத்தில் கடவுள் வாயே திறக்கவில்லை. நிபந்தனை போட்டவன் ராஜவேலு. இருவரும் ஒப்புக்கொண்டதாக முடிவு செய்தவனும் அவனே.)

பாஸ்டர் அடுத்து நோவாவுக்குப் போனார், வானவில்லுக்குப் போனார், தாவீதுக்குப் போக இருந்தார். அப்போது சுவர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம். குறட்டை.

"அவர எழுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டு சுதா கரைக்கு ஓடினாள்.

4

கரையில் தமிழ்வேந்தன் இருந்தான். ராஜவேலுவின் வலைக் கூட்டாளி. படுத்த படுக்கையாகக் கிடப்பவன் பாட்டைக் கூட்டாளி இழுத்து, பிடித்ததை முழுசாக அவன் வாசலில் வைக்கவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். இழுத்தவனுக்கு ஒரு மீன்கூடக் கிடையாது.

"அவனுக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?"

"ஒடம்பு நல்லா கீது. மனசு படுத்துக்கிச்சு. அதுக்கு வழக்கத்துல இடம் இல்லியா?"

தமிழ்வேந்தன் வலையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். "கல்யாணத்துல ஊத்திக் குடுத்ததே நான்தான் அண்ணி," என்று சொல்லிக்கொண்டே படகைத் தள்ளினான்.

5

இருநூறு கிலோ என்றேன். பதினொன்று. முழங்கையும் இல்லை, சுண்டுவிரல்.

கூடை வாசலுக்கு வந்தபோது ராஜவேலு எழுந்து கண்ணைத் தேய்த்தான். "இது யாருது?"

"உன்னுது," என்றான் தமிழ்வேந்தன்.

"நான் வரவே இல்லியேடா. பொய் சொல்லாத."

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. கூடையை ஏரியிலேயே கொட்டிவிட்டு, பேரை எடுக்கச் சொல்லப் பெரியவர்களிடம் போகிறான். [சுதா என்னைக் கெளுத்தி முள்ளால் குத்துவாள்.]

ஆ. முழங்காலில் விழுந்து அழுகிறான், வானத்தில் வானவில்... [வெயில் நேரம். விட்டுவிட்டேன்.]

இ. கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து

பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த கல்யாணத்தில் அவன் கை எந்தப் பக்கம் நீளும் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் கொஞ்சம் இரக்கமாக இருங்கள்.

6

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு ராஜவேலுவிடமே போய் வாசித்தேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டான்.

"சார், இருநூறு கிலோவா? வாயில அடிங்க."

"பின்னாடி திருத்திட்டேன்ப்பா."

"பனமர அலையும் பொய்யி. நான் ஒம்போது நாள் முழிச்சிருந்தா செத்திருப்பேன்." சிரித்தான். அப்புறம் சிக்கெடுப்பதை நிறுத்தினான். "பெரியவங்க அன்னிக்கே வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டாங்க. பேர எடுத்துடலாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"பாடு என்னுது இல்லன்னுதான் சொல்ல வாயெடுத்தேன். சுதா இறால் உரிச்சிக்கினு இருந்தா. பசங்க சட்டியச் சுத்தி நின்னுக்கினு இருந்தாங்க." வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தான். "இது மட்டும் நெசமா நடந்துச்சு சார். பேரு இருக்கட்டும்னு சொல்லிட்டேன். என் பாட்ட எனக்காக யாரோ இழுத்தாங்க, வாசல்ல வெச்சாங்க. நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. தூங்கினேன்."