உலக்கை சாத்திய மூலை

மில் சங்கு ஊதியதும் அஞ்சலாட்சியின் கைகள் தாமாக வேலை செய்யும். அரிவாள்மனை கட்டிலுக்கு அடியில் போகும். பின்கதவின் தாழ்ப்பாள் விலகும். உலக்கை குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து நிற்கும். புருஷன் கன்னியப்பன் மில்லிலிருந்து சாராயக்கடை வழியாக வந்து சேர்வதற்குள் இத்தனையும் முடிந்தாக வேண்டும். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான். சாராயக்கடைக்காரன் எங்கே போனான்? அவள் முதுகில் விழுந்த அடியும் எங்கேயும் போகவில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பித்தளைச் செம்பால் அடித்தான். குழம்பில் உப்பு தூக்கல், அதுதான் குற்றம். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. புண் ஆறியது, காது செத்துப்போயிற்று. அடித்த மறுநாள் காலையில் போதை தெளிந்து, ரத்தம் காய்ந்த செம்பைப் பார்த்துக் கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை.

"இன்னொரு அடி வுழுந்துச்சுன்னா, ஒண்ணு நீ இருப்ப, இல்ல நான் இருப்பேன்" என்றாள்.

அன்றோடு அவன் வழியை மாற்றினான். சாராயக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், கடற்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். குடி நின்ற முதல் நாட்களில் வாந்தி எடுத்தான். குடிக்கூட்டாளி பலராமன் ஒருநாள் வழிமறித்து, "பொண்டாட்டிக்குப் பயந்த பயலே" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். கன்னியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பலராமன் அவன் மூக்கை உடைத்தான். உடைந்த மூக்கோடு, குடிக்காமல் வீடு வந்தான். மழை போய் வெயில் வந்தது, வழி மாறவில்லை.

தெருவே மெச்சியது. "மனுசன் திருந்திட்டான், உனுக்கு இன்னாடி கொறைச்சல்?" என்றாள் பக்கத்து வீட்டு மணியம்மாள். அடிக்காமலிருப்பதற்கு ஒருவனுக்கு மாலை போட வேண்டுமாம்! அஞ்சலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்ப அவளுக்கும் ஆசைதான். ஆனால் சங்கு ஊதினால் கை அவள் பேச்சைக் கேட்பதில்லையே.

சித்திரை மாதத்து மாலை ஒன்று. குசினியில் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த கன்னியப்பன் அவளுக்கு இடது பக்கம் நின்று, "மோர்ச்சட்டிய எடுக்கிறேன் புள்ள" என்று உறிக்குக் கையைத் தூக்கினான். அவன் கொன்ற காதில் அது ஏறவில்லை. எதிர்ச்சுவரில் ஒரு கையின் நிழல் உயர்ந்ததுதான் தெரிந்தது.

உலக்கை எப்போது கைக்கு வந்ததோ! முதல் அடி முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் வலது காதுக்குக் கேட்டது. அடுத்தது நெற்றியில். சட்டி விழுந்து உடைந்து, மோரும் ரத்தமும் தரையில் கலந்தன. மறுபடி ஓங்கியபோதுதான் உறியின் வெறுங்கயிறு ஆடுவதைப் பார்த்தாள்.

கன்னியப்பனுக்கு நல்ல கை ஒன்று மிச்சம் இருந்தது. அது ஓங்கவில்லை, முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?" என்று அலறினாள்.

"சொன்னேன். இந்தப் பக்கமா நின்னு சொன்னேன்" என்றவன், அவள் இடது காதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

முறிந்த கை கூடும்வரை அவனுக்கு மில் வேலை இல்லை. எதை எடுப்பதானாலும் அவளுக்கு வலது பக்கம் வந்து, "அஞ்சல, கையத் தூக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தலையாட்டும்வரை நின்றான். சங்கு ஊதினால் அரிவாள்மனை இன்னமும் கட்டிலுக்கு அடியில்தான் போயிற்று. உலக்கையை மட்டும் அவனே ஒற்றைக் கையால் தூக்கி வந்து, அவளுக்கு எட்டுகிற மூலையில் சாத்தி வைத்தான்.