பாலையா இறங்காத லாரி

1956ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கார்வேட்டிநகரம் தாண்டிப் புளியமரங்கள் தொடங்கும் இடத்தில் பாலையாவின் நாடி நின்றுபோனது. அப்போது அவர் மருமகன் எத்திராஜின் லாரியில் உட்கார்ந்திருந்ததால் சாகவில்லை. சித்தூரில் லாரிக்குள்ளேயே ஏறிவந்த டாக்டர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தார், குழலை நெஞ்சில் நான்கு இடங்களில் வைத்துக் கேட்டார், சத்தம் ஏதும் இல்லை என்றார். "இல்லன்னா இன்னா அர்த்தம் சார்?" என்று பாலையா கேட்டார். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளும்படி ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வண்டியை விட்டு மட்டும் இறங்க வேண்டாம் என்றார்.

அது டாக்டர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாக ஈச்சம்பட்டடைக்காரர்களுக்கு இல்லை. நாகலாபுரத்துக்குத் தெற்கே நூற்றிருபது வீடுகள் கொண்ட அந்த ஊரில், எத்திராஜின் லாரிக்குள் இருக்கும்வரை யாரும் சாவதில்லை என்பது எட்டு வருஷமாகவே தெரிந்ததுதான். யுத்தம் முடிந்தபின் ஆவடியில் ஏலம் போன பட்டாளத்து லாரி அது. எத்திராஜ் அதன் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு, புத்தூர் ஆசாரியைக் கூட்டிவந்து வேங்கைமரத்தில் பெட்டி கட்டினார். தன் உயரத்துக்கு ஏற்றபடி கூரையைத் தூக்கினார், ஓட்டும் இடத்துக்குப் பின்னால் பஸ்ஸில் இருப்பதுபோல ஒரு பெஞ்சும் போட்டார். அதைப் போல இன்னொரு லாரி எங்கும் கிடையாது. 1948இல் பாம்பு கடித்த கங்கம்மாவை அந்த பெஞ்சில் கிடத்தி, விஷம் தானாக இறங்கும்வரை இரண்டு நாள் நாகலாபுரத்துக்கும் புத்தூருக்கும் போய்வந்து கொண்டிருந்தார்கள். அவள் பிறகு எழுந்து இறங்கிப் போய் இன்றைக்கும் மோர் விற்கிறாள். அதற்குப்பின் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்களைத் தூக்கிவந்தார்கள். பம்பாயிலிருந்து மகன் வரும்வரை, மகளின் கல்யாணம் முடியும்வரை என்று சிலர் ஏறினார்கள். பெஞ்சு வெறும் பலகை என்பதாலும் சாலை அப்படிப்பட்டது என்பதாலும் ஒன்பது நாளுக்கு மேல் யாரும் தாக்குப்பிடிக்கவில்லை. அவர்களாகவே இறக்கிவிடச் சொன்னார்கள்.

பாலையா இறக்கிவிடச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மனைவி போனபின் ஒரே மகள் தாட்சாயணிதான் அவருக்கு. ஆறு ஏக்கரையும் கிணற்றையும் அவள் பேருக்கு எழுதாமல் போனால் பங்காளிகள் உள்ளே வந்துவிடுவார்கள் என்பது அவருக்கு நிச்சயம். ஆனால் ஆந்திர ராஜ்யம் பிரிந்து மூன்று வருஷம் ஆகியும் எல்லை முடிவாகாமல் கிடந்தது. ஈச்சம்பட்டடை சென்னை ராஜ்யத்திலேயே இருக்குமா, அந்தப் பக்கம் போகுமா என்று யாருக்கும் தெரியாது. ரிஜிஸ்டர் ஆபீசில், ஊர் எங்கே போகிறதென்று தெரிந்தபின் வாருங்கள் என்றார்கள். பாலையா சரி என்று சொல்லி லாரியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவர் அதிலேயே சாப்பிட்டார், அதிலேயே தூங்கினார். தாட்சாயணி பின்பலகையை இறக்கிவிட்டு அவரை அங்கே உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். திருப்பதிக்கு நானூறு தடவைக்கு மேல் போனார், ஒரு தடவையும் மலை ஏறவில்லை. அடிவாரத்தில் சுமை இறக்கும் நேரத்தில் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார். எல்லைக் கமிஷன்காரர்கள் ஜீப்பில் வந்தபோது லாரியை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே தமிழில் பாதியும் தெலுங்கில் பாதியுமாகச் சாட்சி சொன்னார். 1957இல் அச்சு முறிந்து லாரி ஆறு நாள் ரேணிகுண்டா பட்டறையில் நின்றது. ஐந்தாம் நாள் பாலையாவின் நகங்கள் நீலமாயின, ஆறாம் நாள் பேச்சு குழறியது. வண்டி கிளம்பி வடமாலைப்பேட்டை வருவதற்குள் சரியாகிவிட்டார். லாரி நாள்கணக்கில் நின்றால் ஆகாது, ஓடவேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓடுவதுதான் அதற்கு வரவர முடியாமல் இருந்தது. பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. ஏற்றம் வந்தால் மூட்டைகளில் பாதியை இறக்கிவைத்துவிட்டு இரண்டாம் நடை வந்து எடுத்துப்போக வேண்டியிருந்தது. மாங்காய்ச் சுமையை விடிவதற்குள் சென்னைக் கொத்தவால்சாவடியில் சேர்க்காவிட்டால் வியாபாரி அடுத்த தடவை கூப்பிட மாட்டான். ஒரு சீசனில் மூன்று தடவை எத்திராஜ் வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தார். மறு சீசனில் அவருக்குச் செங்கலும் வைக்கோலும்தான் கிடைத்தன.

புது டீசல் லாரிக்கு அவர் 1955லேயே சித்தூர் ஏஜென்டிடம் பெயர் எழுதிவைத்திருந்தார். 1959 நவம்பரில் அவர் முறை வந்தது. கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது: முப்பது நாளில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு பர்மிட்டுக்கு ஒரு வண்டிதான் என்பதால் பழைய லாரியை ஒப்படைத்துவிட வேண்டும். எத்திராஜ் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

"நீ இன்னா சொல்ற?" என்றார் எத்திராஜ்.

"நா இன்னா சொல்றது. எடுத்துக்கன்னு சொன்னா நைனாவ நானே கொன்னவளா ஆவேன். வாணான்னு சொன்னா உன் வயித்துல நானே அடிச்சவளா ஆவேன். என்னெக் கேக்காத."

அவர் இருபத்தெட்டு நாள் யோசித்தார். சாலையில் இன்னொரு லாரிக்காரரான சிட்டிபாபுவின் புது டீசல் லாரி தன்னை முந்திப்போகும்போதெல்லாம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். பின்பெஞ்சிலிருந்து மாமனார், "மாப்ளே, குழி இருக்குது, பாத்துப் போ" என்று சொல்லும்போதெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த மனிதர் நாடி இல்லாமலே மூன்று வருஷத்துக்கு மேல் தனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அவர் மனதில் ஒரு பக்கம் கிடந்தது. எழுபத்தைந்து வயது ஆயிற்று, இதற்கு மேலும் எதற்கு என்பது இன்னொரு பக்கம் கிடந்தது. இரண்டையும் நினைத்ததற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் காலை பழைய லாரியைக் கழுவி, பர்மிட் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சித்தூருக்குக் கிளம்பினார். பாலையாவிடம் எதுவும் சொல்லவில்லை. தாட்சாயணி வழக்கத்துக்கு மாறாகத் தானும் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏஜென்டின் களத்தில் புது லாரி நின்றது. பச்சை வர்ணம் இன்னும் மணத்தது. எத்திராஜ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கைப்பிடி போட்டுச் சுற்றவேண்டிய அவசியமே இல்லாமல் அது உடனே கிளம்பியது. இருபது வருஷம் வண்டி ஓட்டியவருக்குத் தன் கால்வழியே அதன் பலம் ஏறிவருவது தெரிந்தது. ஏஜென்ட் தெலுங்கில், பெரியவரை மட்டும் இறங்கச் சொல்லிவிட்டால் பழைய வண்டியை உள்ளே தள்ளிவிடலாம் என்றார். பாலையா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"எவ்ளோ பாரம் தாங்கும்பா அது?"

ஏஜென்ட் சொன்னார்.

"ஏத்தத்துல?"

அதையும் சொன்னார். பாலையா தலையாட்டினார். "நல்ல வண்டி, மாப்ளே. எனக்காவ பாக்காத. எடுத்துக்க" என்று சொல்லி, வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலதுகாலைக் கீழே விட்டார்.

அவர் கால் தரையைத் தொடுவதற்குள் எத்திராஜ் ஓடிவந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். பாதம் கல்போல ஜில்லென்று இருந்தது. அதைத் தூக்கிப் படியில் வைத்தார், பிறகு உள்ளே வைத்தார், கதவைச் சாத்தினார். "குந்து மாமா. சும்மா பாக்கதான் வந்தேன்" என்றார். தாட்சாயணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புது லாரி அன்று மாலையே சிட்டிபாபுவுக்குப் போனது. அவருக்கு அது இரண்டாவது.

நிலத்துக்காகத்தான் எத்திராஜ் அப்படிச் செய்தார் என்று ஊரில் பேசினார்கள். அவர் மறுக்கவில்லை, தனக்கே அது சரியாகத் தெரியாது என்று நினைத்தார். 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை முடிவாகி, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது, ஈச்சம்பட்டடை ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவுக்கு வந்தது. மூன்றாம் வாரத்தில் சப் ரிஜிஸ்திரார் மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிவந்து, லாரி ஜன்னலில் பாலையாவின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வாங்கினார். நிலமும் கிணறும் தாட்சாயணிக்கு ஆயின. இனிமேல் பெரியவர் இறங்கிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "மாங்கா சீசன் முடியட்டும்" என்றார் பாலையா. அதன்பின் திருப்பதி பிரம்மோற்சவம் முடியட்டும் என்றார். எத்திராஜ் ஏன் என்று கேட்கவில்லை. செங்கல் ஏற்றிக்கொண்டு மேலும் இரண்டரை வருஷம் அவரைச் சுமந்தார். நிலத்தைப் பற்றிய பேச்சு தானாக நின்றது.

1962 ஐப்பசியில், தாட்சாயணியின் நிலத்தில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் லாரியை வரப்போரம் நிறுத்தினார். கூலிக்கு வந்த ஒருவன் செடியை வெடுக்கென்று இழுத்ததில் பாதிக்காய் மண்ணிலேயே நின்றுவிட்டது. பாலையா பார்த்துவிட்டார். "டேய், புடுங்கற லச்சணமாடா இது? காயெல்லாம் மண்ணுக்கா உட்ட?" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து குதித்தார். நாற்பது அடி விறுவிறுவென்று நடந்து, குனிந்து, மண்ணைக் கிளறி ஒரு கை காயை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அப்போதுதான் நிலத்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். திரும்பி லாரியைப் பார்த்தார். எத்திராஜ் அவரைத் தூக்கிவர இறங்கி ஓடினார். பாலையா வேண்டாம் என்று கையசைத்தார்.

"சரி, எறங்கிட்டன்" என்றார். வரப்பில் உட்கார்ந்து, மகள் வந்து தோளைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு எத்திராஜ் சித்தூர் போய் டீசல் லாரிக்கு மறுபடி பெயர் எழுதிவைத்தார். மூன்று வருஷம் ஆகும் என்றார்கள். அந்த வாரமே கிராமக் கர்ணம் சாவுப் பதிவேட்டைத் திறந்து, பெயர், வயது, தேதி எல்லாம் தெலுங்கில் எழுதி முடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். தாட்சாயணி நடந்ததைச் சொன்னாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்: கடலை பிடுங்குவதைப் பார்க்க லாரியிலிருந்து இறங்கினார். பதிவேடு மாதக் கடைசியில் சித்தூர் போனது, முத்திரை விழுந்து திரும்பி வந்தது. அதைப் பற்றி யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.