பேர் வெட்டிய தட்டுகள்

தபீதாள் டீச்சருக்கு ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அதை ஒழுங்காகச் செய்து முடிக்காமல் தூக்கம் வராது. இந்தக் கதையில் நடந்த குளறுபடி முழுவதற்கும் அந்த ஒழுங்குதான் காரணம். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் ஒருத்தர் மனசும் நோகாமல் தப்பித்திருக்கலாம்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து டீச்சர் தினமும் விடிகாலையில் ஏரிக்கரையில் நடப்பவர். போன வருஷம் எங்கள் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்கு மறுநாளும் அப்படித்தான் போனார். கரையோரத்தில் மூட்டை மூட்டையாகச் சில்வர் பேப்பர் தட்டுகள் கிடந்தன. பிரியாணி வாசனைக்கு மயங்கி இரண்டு மாடுகள் அந்தத் தட்டுகளையே மென்றுகொண்டிருந்தன. எதிரே நடந்து வந்த ஒருவர், "எந்த வீட்டு விசேஷமோ, வெக்கங்கெட்டவங்க" என்று திட்டிக்கொண்டே போனார். எந்த வீடு என்று டீச்சருக்குத் தெரியும். முந்தின நாள் மதியம் கோயிலில் அன்பின் விருந்தில், அதே தட்டில் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டவர் டீச்சர். அன்றைக்கு வந்த வெட்கம் ஒரு வருஷமாகியும் போகவில்லை.

அதனால் இந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் சபைக் கமிட்டிக்குப் போய், "அவங்கவங்க வீட்டுத் தட்டை அவங்கவங்களே கொண்டு வருவோம்" என்றார். வாழையிலை போடலாமே என்று கேட்பீர்கள். பந்தி போட எங்கள் ஹாலில் மேசையும் கிடையாது, இடமும் கிடையாது. எல்லாரும் மரத்தடியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற சபை.

பொருளாளர் ஜெபராஜ் சாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேண்டாம் என்றால் கமிட்டியில் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள்.

"சாப்பிட்டமா, தூக்கிப் போட்டமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்கணும் டீச்சர். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டு பாத்திரம் கழுவ வைக்கிறது எந்த ஊர் மரியாதை?"

ஆயர் சமாதானப் பிரியர். "ஒரு தடவை செஞ்சு பாப்போம். யாருக்கும் மனவருத்தம் வரலைன்னா கிறிஸ்மஸ் விருந்துக்கும் வீட்டுத் தட்டுதான். வந்துச்சுன்னா பழையபடி பேப்பர் தட்டு. விருந்து முடிஞ்ச புதன்கிழமை பேசி முடிவெடுத்துடலாம்" என்றார். டீச்சருக்கு அது போதும் என்றிருந்தது.

விருந்தன்று எல்லாரும் சொன்னபடி தட்டோடு வந்தார்கள். ஜெபராஜ் சார்கூட வந்தார். அவர் வீட்டில் தினம் சாப்பிடுகிற கனமான எவர்சில்வர் தட்டை அவர் மனைவி மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். பிரியாணி நன்றாக இருந்தது, தால்ச்சா அதைவிட நன்றாக இருந்தது. கழுவுவதற்குச் சொல்லி வைத்திருந்த தண்ணி லாரிதான் வந்து சேரவில்லை. குழாயைத் திறந்தால் காற்று சீறியது. காய்ந்த எச்சில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சபையே வெயிலில் நின்றது. ஜெபராஜ் சார் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டீச்சர் ஒரு நாற்காலியில் ஏறி நின்றார். "தட்டை இங்கயே வச்சிட்டுப் போங்க. நாங்க கழுவி, சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கே அனுப்பிடுறோம்."

லாரி ஆடி அசைந்து வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. டீச்சரும் அவர் கணவர் டெனிஸும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து இடுப்பு ஒடியக் கழுவினார்கள். கழுவி அடுக்கிய பிறகுதான் எது யாருடையது என்ற கேள்வி வந்தது. எவர்சில்வர் தட்டெல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்.

"பேசாம ஹால்ல வச்சுப் பூட்டிடு" என்றார் டெனிஸ். "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பொறுக்கிக்கட்டும்."

சோம்பேறியின் யோசனைதான். ஆனால் அருமையான யோசனை. டீச்சர் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டதே. ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் பேர் வெட்டியிருந்தது. இன்னொன்றைப் பார்த்தார். அதிலும் இருந்தது, ஊரோடு. டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாத்துலயும் பேர் இருக்கு டெனிஸ். இதுக்கு மேல என்ன வேணும்?"

பாத்திரக்கடையில் தட்டு வாங்கினால், அந்தக் கிர்ர் மெஷினை வைத்துப் பேர் வெட்டித் தருவார்கள். ஆனால் நம் வீட்டுத் தட்டில் நம் பேரா இருக்கிறது? கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வாங்கிக் கொடுத்தவர் பேர்தானே இருக்கிறது? நம் வீட்டு அலமாரியைத் திறந்தால் சொந்தக்காரர் பேரெல்லாம் வரிசையாக நிற்கும். இது டீச்சருக்குத் தெரியாதா, டெனிஸுக்குத் தெரியாதா? களைப்பில் ஒருத்தர் மூளையும் வேலை செய்யவில்லை. பேர் பேராகப் பிரித்து, சணலால் கட்டி, லாசரஸின் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள்.

லாசரஸ் சபைப் பிள்ளைதான். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். "பேரு கீது, ஊரு கீது. இதுல இன்னா பேஜாரு டீச்சர்? நா பாத்துக்கிறேன், நீங்க போய் படுங்க" என்றான். பார்த்தும் கொண்டான். சேலையூர், மாடம்பாக்கம், பம்மல், பொழிச்சலூர் என்று ஒன்று விடாமல் போனான். சபைக்குச் சம்பந்தமே இல்லாத பேர்களைக்கூட டீக்கடையில் விசாரித்துத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை முதல் போன் ஜெரூஷாவுடையது. பாடகர் குழுவில் டீச்சர் பக்கத்தில் நிற்கிறவள்.

"அக்கா, ஜென்சிக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? அவ கல்யாணத்துக்கு ஆசையா வாங்கிக் குடுத்த தட்டு. ஆள் விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கா."

டீச்சருக்கு அப்போதும் புரியவில்லை. அடுத்து ஜென்சி கூப்பிட்டு, என் தட்டு இன்னும் வரவில்லையே என்று கேட்டபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. மாடம்பாக்கத்தில் சாலமோன் என்பவருக்கு, அவர் பல வருஷமாகக் கொடுத்த தட்டெல்லாம் ஒரே கட்டாகத் திரும்பி வந்திருந்தது. "எல்லா வீடும் சேந்து எங்களை ஒதுக்கி வச்சிட்டீங்களாம்மா?" என்று அவர் மனைவி அழுதார்.

அழாமல் என்ன செய்வார்? பரிசாகக் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினால், உன் உறவே வேண்டாம் என்று வாசலில் நின்று கத்துவதற்குச் சமம். டீச்சர் அதை ஒரே சாயங்காலத்தில், தாம்பரம் சுற்று வட்டாரம் முழுக்க, வண்டி வைத்துச் செய்து முடித்திருந்தார்.

டெனிஸ் காபியைக் கொண்டுவந்து வைத்தார். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க" என்றார் டீச்சர்.

"நான் எங்க சிரிச்சேன்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்தார்.

டீச்சர் சபை வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். தப்பு முழுக்கத் தன்னுடையது, யாரும் எதையும் திருப்பி அனுப்பவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். முதலில் ஒருத்தர் சிரிப்புப் படம் போட்டார், பிறகு குழுவே சிரித்தது. அன்றும் மறுநாளும் ஆளாளுக்கு ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு தட்டு மாற்றக் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டருகில் தலையாட்டுவதோடு சரி என்றிருந்தவர்கள் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஜெரூஷா ஜென்சி வீட்டுக்குத் தட்டோடு கொஞ்சம் அதிரசமும் கொண்டுபோனாள். டீச்சருக்கு உயிர் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெபராஜ் சார் கூப்பிட்டார். "எல்லாத் தட்டும் போய்ச் சேந்துச்சு. என் தட்டு வரல. நாளைக்குக் கமிட்டியில பேசிக்கலாம்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

டீச்சர் அவர் மனைவியைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்தத் தட்டில் இருந்த பேர் தினகரன், அனகாபுத்தூர். தொழிற்சாலையில் ஜெபராஜ் சாரோடு ஒரே பெஞ்சில் வேலை செய்தவர். சார் கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டு.

"அவர் பொண்ணு கல்யாணத்துக்கு இவரால போக முடியல டீச்சர். அன்னிக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கிடந்தார். அப்புறம் எந்த மூஞ்சியோட போன் பண்றதுன்னு கூச்சம். அப்படியே விட்டுப் போச்சு. ஆனா வேற தட்டுல சோறு போட்டா எறங்காது அவருக்கு."

டீச்சருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தினகரன் சபைக்காரர் இல்லை, வாட்ஸப் குழுவிலும் இல்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை, இப்போது தட்டையும் திருப்பி எறிந்துவிட்டான் என்றல்லவா அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருப்பார்? கிறிஸ்மஸ் விருந்தைப் பற்றிய கவலைகூட அந்த நேரத்தில் பின்னால் போய்விட்டது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு லாசரஸோடு அனகாபுத்தூர் போனார். சந்துக்குள் வண்டி நுழையவில்லை. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். தினகரன் வீட்டு வாசலில் பழைய பெயின்ட் டப்பாக்களில் பொன்னாங்கண்ணி தளதளவென்று வளர்ந்திருந்தது. வெள்ளை மீசைக்கார மனிதர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லாசரஸைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்தார்.

"இன்னாப்பா, இன்னும் இன்னா மிச்சம் கீது திருப்பிக் குடுக்க?"

டீச்சர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். லாரி, பேர், சணல் கட்டு, ஆஸ்பத்திரி, கூச்சம், ஒன்று விடாமல் சொன்னார். தினகரன் முகத்தில் கோபம் இறங்கி வேறு எதுவோ ஏறியது.

"நெஞ்சு வலின்னு படுத்துனு இருந்தானா? நா இன்னாடான்னா, பெரிய ஆளாயிட்டான், நம்ப வூட்டுக்கெல்லாம் வர மாட்டான்னு திட்டிகினு இருந்தேன்." சொம்பை எடுத்து மிச்சத் தண்ணீரைப் பொன்னாங்கண்ணிக்கு ஊற்றினார்.

"தட்டைக் குடுங்க சார், நான் கொண்டுபோய்ச் சேத்துடுறேன்" என்றார் டீச்சர்.

"நீங்க சேத்த அழகத்தான் பாத்தமே. வுடும்மா." உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "நானே வரேன்."

குட்டி யானையின் முன்சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு சேலையூர் வந்தார்கள். கதவைத் திறந்த ஜெபராஜ் சார் பனியனோடு நின்றார். ஆளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"ஏன்டா," என்றார் தினகரன், "உடம்பு சரியில்லன்னா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

ஜெபராஜ் சார் கதவை அகலத் திறந்துவிட்டார். "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

டீச்சர் கேட்டுக்கு வெளியே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. தன்னை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இத்தனை பேரைக் கலங்க வைத்துவிட்டு இனி எந்த முகத்தோடு கிறிஸ்மஸ் விருந்தைப் பற்றிப் பேசுவது?

அன்று சாயங்காலம் கமிட்டியில் ஆயர் நேராகவே கேட்டார். "யாருக்காவது மனவருத்தம் வந்ததா?"

பொய் சொல்ல முடியாது. வந்தது, பழையபடி பேப்பர் தட்டுக்கே போய்விடலாம் என்று சொல்ல டீச்சர் எழுந்தார். அதற்குள் ஜெபராஜ் சார் எழுந்துவிட்டார்.

"வந்துச்சு ஐயா. பாதிச் சபைக்கு வந்துச்சு. எனக்கும் வந்துச்சு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர் தட்டுல எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கேன். அதுல ஒண்ணாவது யார் குடுத்ததுன்னு ஞாபகம் இல்ல. ஒண்ணாவது காணோம்னு நான் தேடினதும் இல்ல. இந்த ஒரு தட்டு காணாமப் போனதும் ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. போன தட்டு, நான் தொலைச்ச ஆளைக் கூட்டிட்டு வந்துச்சு." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கிறிஸ்மஸுக்கு வீட்டுத் தட்டுதான். தினகரனையும் வரச் சொல்லியிருக்கேன்."

ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. உட்காரப் போன ஜெபராஜ் சார் திரும்ப நிமிர்ந்தார்.

"குழாயடியில நானே நிக்கிறேன். டீச்சர் மட்டும் தட்டுப் பக்கம் வரக்கூடாது."

ஆயரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது டீச்சர்தான், அழுதுகொண்டே சிரித்தார்.