சக்கரம் நிற்கும்வரை

"நாப்பதுன்னு எழுது" என்றான் யாசென். ஞாயிற்றுக்கிழமை அவன் கொடுத்த அடி மனைவி நெடெல்காவின் மேற்கையில் இன்னும் கன்றிப்போய்க் கிடந்தது. இடம் தெரிந்துதான் அங்கே பிடித்திருந்தான். கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கடிகாரத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

மின்சாரத்தை நிறுத்தி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று வேகத்தில் விட்ட சக்கரம் அதற்குள் நாலாயிரத்துக்கு இறங்கிவிட்டது. நல்ல சக்கரம் தானாக ஓடி நிற்க நாற்பது நிமிடம் எடுக்கும். இது இருபத்தைந்தைத் தாண்டாது என்பது இருவருக்குமே தெரிந்துபோயிற்று.

பிளாவ்டிவ் நகரத்து ஓரத்தில் இருந்த அந்தப் பட்டறையில் செயற்கைக்கோளைத் திருப்பும் சக்கரங்களைத்தான் செய்தார்கள். மேலே போன கோளுக்கு உந்தித் திரும்ப ஒரு தரையும் கிடையாது, பிடித்துத் திரும்ப ஒரு சுவரும் கிடையாது. வயிற்றுக்குள் இருக்கும் சக்கரம் இடப்பக்கம் வேகமெடுத்தால் கோளின் உடம்பு வலப்பக்கம் திரும்பும். சக்கரம் திணறினால் கோளும் ஆடிப்போகும், அதன் கேமரா எடுக்கிற படமெல்லாம் கலங்கிப்போகும். எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏறிப் போய்ச் சரிசெய்ய ஆள் கிடையாது. அதனால்தான் பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, எடை போட்டு விடுவார்கள்.

யாசென் இரண்டு சொட்டு விட்டிருந்தான். பதினோரு வருடம் டிராக்டர் பழுது பார்த்த கை அது. இரும்பு என்றாலே தாராளமாக ஊற்றிப் பழகியது. கூடுதல் எண்ணெய் சேறு மாதிரி சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் என்று பட்டறை மேற்பார்வையாளர் ஸ்டாமென் அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே. போன மாதமும் ஒன்றைக் கெடுத்துவைத்தான். இன்னொன்று கெட்டால் மூட்டை கட்டும் பிரிவுக்குத் தள்ளிவிடுவேன் என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் நெடெல்காவின் தலை அலமாரிக் கதவில் மோதியது.

மார்ச் மாதம் என்பதால் எல்லாருடைய மணிக்கட்டிலும் வசந்தத்தை வரவேற்கக் கட்டும் நூல் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. நூலிழை பேரிங்குக்கு எமன். ஆகவே அறைக்குள் நுழையும்போது அவிழ்த்துக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். காலையில் நெடெல்கா அவிழ்த்தபோது அடியில் இருந்த விரல் தடங்களைப் பக்கத்தில் நின்றவள் பார்த்துவிட்டு, பனிட்சா ஆறிப்போகிறது, வா சாப்பிடலாம் என்றாள். ஊர் அப்படித்தான். எல்லாருக்கும் கண் இருந்தது, வாய்தான் இல்லை.

சோதனைத் தாளில் சக்கரத்தைப் பூட்டியவர் ஒருவர், ஓடும் நேரத்தை அளப்பவர் ஒருவர் என்று இரண்டு கையெழுத்து வேண்டும். சக்கரம் ஓடும்வரை கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். வெளியே இருப்பவர்கள் உள்ளே வரக் கூடாது. அந்த நேரமெல்லாம் உள்ளே அவனும் அவளும் மட்டும்தான்.

"எழுதுறியா இல்லையா?"

"இருபத்தஞ்சுல நின்னா இருபத்தஞ்சுதான் எழுதுவேன்."

தன் குரலா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் அறைந்தான். காதுக்குள் கீச்சென்றது, உதட்டில் உப்புக் கரித்தது. நாற்காலியோடு சரிந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வா, உன் பல்லை எண்ணிக் கையில் கொடுக்கிறேன் என்றான். சொன்னால் செய்பவன்தான்.

பிறகு சக்கரத்தின் பக்கம் திரும்பினான். கணக்கே வராமல் செய்துவிட்டால் தீர்ந்தது, கைதவறி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தது அவன் முதுகிலேயே தெரிந்தது. வேகத்தை அளக்கும் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். தாங்கியின் முதல் பிடியைத் தட்டிவிட்டான். இரண்டாவது பிடி இறுகியிருந்தது, அதோடு மல்லுக்கட்டினான்.

சுற்றுகிற சக்கரத்தை நேராகத் தூக்கினால் சாதுவாக வரும். வெடுக்கென்று சாய்த்தால்தான் வினை. நாம் ஒரு பக்கம் சாய்க்க, அது குறுக்கே வேறொரு பக்கம் முறுக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. கோபத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று, அவளுக்கு மறக்கவில்லை. சொல்ல நேரமும் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவள் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினாள்.

பிடி விட்டது. அவன் சக்கரத்தை அதன் உறையோடு சேர்த்து மார்போடு அணைத்துத் தூக்கி, தரையில் அடிக்க வெடுக்கென்று கவிழ்த்தான். ஏழு கிலோ இரும்பு உயிர் வந்ததுபோல் குறுக்கே திருகியது. மணிக்கட்டு ஒடிந்த சத்தம் காய்ந்த சுள்ளி முறிந்ததுபோலக் கேட்டது. சக்கரம் விழுந்து, கோணல்மாணலாகப் புரண்டு, அவன் முழங்காலில் மோதி அவனையும் கீழே தள்ளியது. அவன் அலறியதை அதற்கு முன் அவள் கேட்டதே இல்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெளியே ஓடிவரும் காலடிச் சத்தம். ஸ்டாமென் அண்ணன் கதவைத் தட்டினார்.

"என்னம்மா அது சத்தம்? உள்ள வரவா?"

"வராதீங்கண்ணே. சக்கரம் கழண்டு தரையில கெடக்கு, இன்னும் சுத்துது."

"யாருக்காவது அடியா?"

யாசென் ஒடிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "தெறக்கச் சொல்லு, நெடெல்கா. வலி தாங்கல" என்றான். கெஞ்சுகிற தொனி. அதுவும் அவளுக்குப் புதிது.

"ரெண்டு பேருக்கும் அடிண்ணே" என்றாள் அவள் கதவைப் பார்த்து. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. போலீஸுக்கும் சொல்லுங்க. அதுக்குள்ள நின்னுடும்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஓடும் சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, தாளை இழுத்தாள். இரண்டு சொட்டு எண்ணெய் என்று எழுதினாள். அடுத்த வரியில் அறைந்ததை எழுதினாள், அதற்கடுத்து ஞாயிற்றுக்கிழமையை. உதட்டைத் துடைத்த கையுறையில் இருந்த ரத்தம் தாளில் ஒட்டியது. தரையில் சக்கரம் உறுமியபடி, அதிர்ந்து அதிர்ந்து, அங்குலம் அங்குலமாக யாசெனின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவன் காலை இழுத்துக்கொண்டான்.