பெனின் மன்னனின் தாய்

“தாய் தேப்பன்ரை இடத்திலை நானும் மிருணாளினியும் நிப்பம்” என்று சொல்லிவிட்டு, குணரத்தினம் கல்யாண வேலைப் பட்டியலின் அடுத்த வரிக்குப் போனார்.

புனிதவதி அவர் முன்னால் தேநீரை வைத்தாள். “ஓம் அத்தான்” என்றாள்.

மகன் கரிகாலனுக்கு இன்னும் மூன்று கிழமையில் கல்யாணம். கணவன் இறந்து பதினொரு வருடமாகிறது. அன்றிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் அவளுடைய இடம் சமையற்கட்டுத்தான். கணவனின் தமையனான குணரத்தினம் சொன்னது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அவர் வாய் திறக்கும் முன்பே அந்த ‘ஓம்’ தன் தொண்டையில் வந்து காத்திருந்ததை நினைக்கத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. காவலாளி தேவைப்படாத சிறை. இதே அவள்தான் தன்னுடைய கல்யாணத்தில், எதிரே வந்த, தாலி இழந்த சின்னம்மாவிடம் “கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ” என்று சொன்னவள். சின்னம்மாவும் ‘ஓம்’ என்றுதான் சொன்னார்.

மேசையின் மறு கோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கரிகாலன் கட்டப்போகிற ஹரிப்பிரியா. ஓல்னேயில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறவள். சேலைச் சட்டை அளவு கொடுக்க வந்த இடத்தில், மிக்சரைக் கொறித்தபடி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை பகிடி?” என்றார் குணரத்தினம்.

“ஒண்டுமில்லை மாமா. என்ரை வகுப்பு ஜெரமி எழுதினதைப் பாத்துச் சிரிச்சனான். ஆபிரிக்காவிலை பெனின் எண்டு ஒரு ராச்சியம் இருந்தது. யானைத் தந்தம், துணி, மிளகு எல்லாம் போர்த்துக்கேயருக்கு வித்தவை.”

ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மிளகாய்த்தூள், சரக்குக் கடை வைத்திருக்கும் குணரத்தினம் நிமிர்ந்தார். “மிளகோ?”

“ஓம். பிறகு இந்தியாவிலையிருந்து மிளகு வரத் தொடங்கினதும் போர்த்துக்கேய ராசா அதை நிப்பாட்டிப்போட்டார்.”

“நிப்பாட்டுவார்தானே. எங்கடை பக்கத்து மிளகோடை நிண்டு பிடிக்கேலுமோ?” இந்த வெற்றியில் தனக்கும் பங்கிருப்பதுபோல அவர் தேநீரை உறிஞ்சினார்.

“அங்கை ஒருத்தன் ராசாவானா தாயை விலத்திப்போடுவினமாம். கொலையும் செய்வினமாம் எண்டு பழங்கதை. எசிகி எண்ட ராசாதான் ஏலாது எண்டவர். தேப்பன் செத்துத்தான் அவர் ராசாவானவர். தாய் இடியாதான் அவருக்குப் பலம். அந்த மனுசிக்கெண்டே புதுசா ஒரு பட்டம் உண்டாக்கி, அரண்மனையும் கட்டிக் குடுத்தாராம். ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு கேள்வி குடுத்தனான். ஜெரமி எழுதியிருக்கிறான், ‘அம்மா பாக்கேலாட்டி ராசாவாகி என்ன பிரயோசனம்’ எண்டு.”

மூலையில் இருந்த குணரத்தினத்தின் மனைவி மிருணாளினி மிக்சரை மெல்லுவதை நிறுத்தினாள்.

“எத்தினை புள்ளி போட்டனி?” என்று கேட்டாள்.

“புத்தகத்திலை அப்பிடி இல்லை மாமி. ஆனா முழுப்புள்ளி.”

குணரத்தினத்துக்குத் தேநீர் கசந்தது. “ஆபிரிக்காக்காரரின்ரை கதையை ஏன் எங்கடை கலியாணத்துக்குக் கொண்டாறாய்?”

“அவையள் தாயை விலத்துறதை ஐந்நூறு வருசத்துக்கு முதலே விட்டிட்டினம் மாமா. அதுதான் சொன்னனான்.”

புனிதவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடிந்ததும் தொண்டையில் ‘ஓம்’ இருந்த இடம் காலியாக இருந்தது.

“அத்தான், அந்த வரியை வெட்டிவிடுங்கோ. என்ரை பிள்ளைக்கு நான் நிப்பன்.”

“எழுதியாச்சு” என்றார் அவர், பேனையை மூடியபடி. “சபையிலை மானத்தை வாங்காதை.”

கல்யாணத்தன்று பியர்ஃபித்தில் வாடகைக்கு எடுத்த மண்டபம் நிறைந்திருந்தது. ஐயருக்கு இரண்டு மணிக்கு வேறொரு கல்யாணம் இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே மந்திரம் சொன்னார்.

“மாப்பிள்ளையின்ரை தாய் தேப்பன் வாங்கோ.”

முன் வரிசையில் குணரத்தினம் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். மிருணாளினி எழும்பவில்லை.

“எழும்புமன்.”

“எனக்கு முழங்கால் ஏலாது.”

“காலமை ஓடித்திரிஞ்சனீர்?”

“அது காலமை. நீங்கள் போங்கோவன்.”

“தனிய எப்பிடிப் போறது? இணையாத்தானே நிக்கோணும்” என்று சொன்னவர், அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நடைபாதையிலேயே நின்றார். மனைவி பக்கத்தில் இல்லாத ஆணையும் அந்த மணவறை ஏற்காது. இத்தனை வருடத்தில் அவருக்கு அதை நினைத்துப் பார்க்கும் தேவை வந்ததில்லை.

புனிதவதி சமையற்கட்டு வாசலில் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இவ்வளவு நேரமும் காத்து நின்றதை அப்போதுதான் கண்டுகொண்டாள். கையைத் துடைத்தாள். நடந்தாள். சனத்தின் கண்கள் முதுகில் ஊர்வது தெரிந்தது. அடுத்த அடி வைத்ததும் அதுவும் பழகிவிட்டது. அத்தானைத் தாண்டும்போது, “கொஞ்சம் வழி விடுங்கோ அத்தான்” என்றாள்.

ஐயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கெதியா அம்மா, நேரமாகுது” என்று செம்பை அவள் கையில் கொடுத்தார். கரிகாலன் தலைப்பாகைக்குக் கீழிருந்து ஆறு வயதுப் பிள்ளைபோல் சிரித்தான். ஹரிப்பிரியா குனிந்த தலையைக் குனிந்தபடியே வைத்துக்கொண்டு கண்ணடித்தாள்.

நாதஸ்வரம் மூச்சு வாங்கிய இடைவெளியில், கீழே மிருணாளினி புருசனின் சால்வையைப் பிடித்து இழுத்துச் சொல்வது புனிதவதிக்குக் கேட்டது.

“இருங்கோ. இருந்து பாத்தா ஒண்டும் குறையாது. அவள் பதினொரு வருசம் தள்ளி நிண்டு பாத்தவள்.”